மாத்திரை தொடங்கின முதல் மாசம்

போன தடவை உளுந்து விதைப்பு பத்தி எழுதியிருந்தேன். இந்த வாரம் பயிர் இல்லை, பிள்ளைங்க பத்தி.

மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுற பிள்ளைங்க எனக்குத் தெரிஞ்சே எங்க பக்கம் மூணு வீட்டுல இருக்காங்க. பேர், ஊர் வேண்டாம். முன்னெல்லாம் ஒரு பிள்ளை சாப்பிடாம, பேசாம மூலையில உக்காந்தா மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாங்க. இப்ப டாக்டர்கிட்ட போறாங்க. நல்ல மாற்றம்தான். ஆனா டாக்டர் ரூமுக்கும் வீட்டுத் திண்ணைக்கும் நடுவுல ஒரு முக்கியமான பேச்சு விட்டுப்போகுது.

முதல் வீட்டுல பிளஸ் ஒன் படிக்கிற பொண்ணு. மாத்திரை ஆரம்பிச்ச ரெண்டாம் நாளே குமட்டல், தலைவலி, ராத்திரி தூக்கமில்லை. "உடம்புக்குச் சூடு"னு சொல்லி நாலாம் நாள் அம்மா நிறுத்திட்டாங்க. அந்தத் தொந்தரவு பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு வாரத்துல அடங்கும்னும், மாத்திரையோட பலன் தெரிய நாலு வாரம் வரைக்கும், சில சமயம் அதுக்கு மேலேயும் ஆகும்னும் அவங்களுக்கு யாரும் சொல்லலை.

ரெண்டாவது வீட்டுப் பையன் நாலு மாசத்துல நல்லா தேறிட்டான். "சரியாயிடுச்சே, இனி எதுக்கு?"ன்னு அப்பா ஒரே நாள்ல நிறுத்தினாரு. மூணாம் நாள் தலைசுத்தல், எரிச்சல், தலைக்குள்ள ஷாக் அடிக்கிற மாதிரி ஒரு உணர்வு. "பாத்தியா, பையனை மாத்திரைக்கு அடிமையாக்கிட்டாங்க"ன்னு ஊரே பேசுச்சு. அது போதைக்கு அடிமையாகுறது இல்லை. இந்த மாத்திரையை டாக்டர் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுத்தான் நிறுத்தணும்.

மூணாவது வீட்டுலதான் ரொம்பக் கஷ்டம். பதினேழு வயசுப் பையன், மாத்திரை ஆரம்பிச்ச மூணாவது வாரம் திடீர்னு உற்சாகமாயிட்டான். ராத்திரி ரெண்டு மணி நேரம்தான் தூக்கம், ஓயாத பேச்சு, கடன் வாங்கி பைக் எடுக்கப்போறேன்னு ஒரே பிடிவாதம். வீட்டுல எல்லாருக்கும் சந்தோஷம். அவன் அக்காதான் "இது அவன் இல்லை"ன்னு சொல்லி இழுத்துட்டுப் போனா. பையனுக்கு இருந்தது வெறும் மனச்சோர்வு இல்லை, இருதுருவக் கோளாறுன்னு அப்புறம்தான் தெரிஞ்சுது. அந்தக் கோளாறு உள்ள பிள்ளைக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் தனியா கொடுத்தா இப்படி மறுபக்கம் எகிறிடலாமாம். குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கான்னு முதல்லயே டாக்டர்கிட்ட சொல்றது அதனாலதான் முக்கியம்.

மூணு வீட்டுலயும் மருந்தை விட பெரிய பிரச்சினை, சொல்லாம விட்டதுதான்.

நாங்க வாங்குற பூச்சிமருந்து டப்பாவுல சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சைன்னு முக்கோணம் போட்டிருக்கும். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவனுக்கும் எது எவ்வளவு விஷம்னு புரியும். டேங்குக்கு எத்தனை மில்லின்னு கடைக்காரரே சொல்லிடுவாரு. பிள்ளையோட மாத்திரையை மட்டும் அட்டையில கத்திரிச்சு, கவர்ல போட்டு, "காலையில ஒண்ணு"ன்னு சொல்லி அனுப்பிடுறாங்க.

இது லேசான விஷயம் இல்லைன்னு சென்னையில படிக்கிற அண்ணன் மகன் எடுத்துப் படிச்சுக் காட்டினான். சிறுவர்களையும் இளம் வயசுக்காரங்களையும் வெச்சு நடத்தின 24 ஆய்வுகளை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சேர்த்துப் பாத்திருக்கு. மொத்தம் 4,400 பேருக்கு மேல. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல நூத்துக்கு 2 பேருக்குத் தற்கொலை எண்ணமோ முயற்சியோ வந்திருக்கு. நிஜ மருந்து சாப்பிட்டவங்கள்ல நூத்துக்கு 4 பேருக்கு. உயிரிழப்பு ஒண்ணுகூட இல்லை. ஆனாலும் 2004-ல மருந்து விவரத்தாள்ல கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போடச் சொன்னாங்க. 2007-ல அதை 24 வயசு வரைக்கும் நீட்டினாங்க. ஆரம்ப வாரங்கள்லயும், அளவை மாத்துற சமயத்துலயும் கூடுதலா கவனிக்கணும்னு சொல்றாங்க.

இதைப் படிச்சுட்டு "அப்ப மாத்திரையே வேண்டாம்"னு யாரும் கிளம்பிடாதீங்க. அதே 2004-ல மனச்சோர்வு இருந்த 439 பிள்ளைங்களை வெச்சு இன்னொரு ஆய்வு வெளிவந்துச்சு. 12 வாரத்துல, புளூவாக்ஸெடின் மாத்திரையும் பேச்சு சிகிச்சையும் சேர்ந்து கிடைச்சவங்கள்ல நூத்துக்கு 71 பேர் தேறியிருக்காங்க. வெறும் மாத்திரை சாப்பிட்டவங்கள்ல 35 பேர்தான். மனச்சோர்வைக் கவனிக்காம விட்டா அதுவே ஆளைக் கொல்லும்.

"இதையெல்லாம் சொன்னா பயந்துபோய் மாத்திரையே கொடுக்க மாட்டாங்க"ன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் பாத்தது நேர் எதிர். சொல்லாததாலதான் பயந்து நிறுத்துறாங்க. மழை வரும்னு தெரிஞ்சா களத்து நெல்லை மூடி வெப்போம், விவசாயத்தையே விட்டுட்டா போறோம்?

அதனால என் கருத்து இதுதான்: பதினெட்டு வயசுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு இந்த மாத்திரை எழுதினா, கூடவே தமிழ்ல ஒரு தாள் கொடுக்கணும். எப்ப பலன் தெரியும், எந்தத் தொந்தரவு தானா போகும், எதைப் பாத்தா அன்னைக்கே டாக்டரைக் கூப்பிடணும். தூக்கமே இல்லாம தவிப்பு, திடீர்க் கோபம், சாவு பத்தின பேச்சு, அளவுக்கு மீறின உற்சாகம், இதெல்லாம் அந்தக் கடைசி வகை. நாமளா நிறுத்தக் கூடாதுன்னு பெரிய எழுத்துல போடணும்.

எங்க மாதிரி வீடுகளுக்கு அந்தத் தாள்ல இன்னொரு வரியும் வேணும்: பூச்சிமருந்தைப் பூட்டி வைங்க, சாவியைப் பெரியவங்க வெச்சுக்குங்க. எங்க கடலூர் மாவட்டத்துலயே, காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்கள்ல, சென்னை சினேகா அமைப்பு ஊர்ப் பொதுவுல பூச்சிமருந்து வைக்கப் பூட்டு போட்ட பெட்டிகள் அமைச்சு ஆய்வு பண்ணியிருக்காங்க. ஒரு கெட்ட எண்ணம் வந்து போற அந்தக் கொஞ்ச நேரத்துல விஷம் கைக்கு எட்டலைன்னா, பிள்ளை பிழைச்சுக்கும். மாத்திரை அட்டையும் பெரியவங்க கையிலயே இருக்கட்டும்.

பட்டணத்துல இருக்குற உங்ககிட்ட ஒண்ணு கேக்குறேன். ஊர்ல அக்கா மகனுக்கோ தம்பி மகளுக்கோ மாத்திரை ஆரம்பிச்சிருக்குன்னு தெரிஞ்சா, "கெமிக்கல் எதுக்கு, யோகா பண்ணச் சொல்லு"ன்னு வாட்ஸாப்ல அனுப்பாதீங்க. முதல் மாசம் ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போன் பண்ணி, "தூங்குறானா? எப்படிப் பேசுறான்?"னு கேளுங்க. டாக்டரைப் பிடிக்க முடியலைன்னா 14416, அரசோட டெலி மானஸ் எண். காசு கிடையாது, ராப்பகல் எடுப்பாங்க, தமிழ்லயே பேசலாம். ஆபத்துன்னு தோணுச்சுன்னா போனுக்குக் காத்திருக்காம பக்கத்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகச் சொல்லுங்க.