உடன்படிக்கையும் பொது ஜன ஓட்டும்

சர்வதேச உடன்படிக்கைகளை ஜனங்களின் நேர் ஓட்டுக்கு விடலாமா கூடாதா என்கின்ற விவாதத்தில், "கூடாது" என்பவர்கள் சொல்லும் முதல் காரணம் ஜனங்களுக்கு அவை விளங்காது என்பதாகும். இந்தக் காரணத்தை நாம் ஒப்புக்கொள்ள முடியாது. ஆனால் அவர்கள் வந்து சேரும் முடிவில் பெரும் பகுதியை ஒப்புக்கொள்ளுகின்றோம். இது முரணாயிற்றே என்று வாசகர்கள் கேட்கக்கூடுமாதலால், அயர்லாந்து தேசத்தில் நடந்த சங்கதியைச் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்ளுவோம்.

அயர்லாந்தின் அரசியல் சட்டத்தை ஜனங்களின் ஓட்டில்லாமல் திருத்த முடியாது. 1987-ல் ரேமண்ட் குரோட்டி என்கின்ற பொருளாதார அறிஞர் தொடுத்த வழக்கில், அந்நிய நாட்டு விவகாரங்களில் தேசத்தின் சுதந்திரத்தைக் கட்டிப்போடும்படியான உடன்படிக்கையைச் சட்டசபை மாத்திரம் ஏற்றுக்கொள்ள முடியாது, அரசியல் சட்டத்தையே திருத்தியாக வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிவிட்டது. அதன் பலனாகவே, 2007-ல் லிஸ்பன் நகரில் 27 ஐரோப்பிய தேசங்கள் கையெழுத்துப் போட்ட உடன்படிக்கையை அயர்லாந்து ஒன்றில் மாத்திரம் ஜனங்களிடம் கொண்டு போனார்கள்.

அந்த உடன்படிக்கை தனியே வாசித்துத் தெரிந்துகொள்ளும்படியான புஸ்தகமல்ல. பழைய உடன்படிக்கைகளில் இன்ன பிரிவில் இன்ன வார்த்தையை எடுத்துவிட்டு இன்ன வார்த்தையைப் போடவும் என்று பக்கம் பக்கமாகப் போகின்ற திருத்தல் ஜாபிதா. பழையதைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டாலொழிய அநேக வரிகளுக்கு அர்த்தமே ஏற்படாது. ஓட்டுக் கேட்ட பிரதம மந்திரி பிரையன் கவன் தாமே அதை முதலிலிருந்து கடைசி வரை படிக்கவில்லை என்று ஒப்புக்கொண்டார். ஐரோப்பியக் கமிஷனில் அந்நாட்டவராயிருந்த சார்லி மக்ரீவியோ, புத்தி தெளிவாயுள்ள எவரும் அதைப் படிப்பார்களென்று தாம் எதிர்பார்க்கவில்லை என்றே சொல்லிவிட்டார். அப்படியானால் விளங்காதது யாருக்கு? மந்திரி படிக்காவிட்டால் அது வேலைப் பளு, மாடு வளர்ப்பவன் படிக்காவிட்டால் அது மூடத்தனமா?

2008 ஜூன் 12-ந் தேதி நூற்றுக்கு 53 பேர் ஓட்டுப் போட வந்தார்கள். வந்தவர்களில் நூற்றுக்கு 53.4 பேர் "வேண்டாம்" என்றார்கள். தெரியாவிட்டால் வேண்டாமென்று போடு என்பது எதிர்த்தரப்பாரின் கோஷங்களில் ஒன்று. இதைப் பலர் கேலி செய்தார்கள். நமக்கு இதில் கேலிக்கு இடமிருப்பதாகவே தோன்றவில்லை. புரோநோட்டை நீட்டிக் கைநாட்டு வை என்கிறபோது, வாசித்துக் காட்டும் வரை கட்டைவிரலை நீட்டமாட்டேன் என்பவனை விட யோக்கியமான கடன்காரன் யார்?

கோளாறு இனிமேல்தான் வருகின்றது. "வேண்டாம்" என்றவர்களில் சிலர் கமிஷனில் தங்கள் தேசத்துக்குள்ள ஸ்தானம் போய்விடுமென்று பயந்தவர்கள். சிலர் யுத்தங்களில் நடுநிலைமை கெடுமென்றவர்கள். சிலர் வரி பற்றியும், சிலர் கருக்கலைப்புச் சட்டம் பற்றியும் கவலைப்பட்டவர்கள். அநேகர் ஒன்றும் விளங்காததாலேயே மறுத்தவர்கள். இத்தனை பேரும் ஒரே வார்த்தையில் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு சர்க்கார் எதை நீக்குவது, எதை வைப்பது? நூறு சாமானை ஒரே மூட்டையாகக் கட்டி, எடுத்தால் எல்லாவற்றையும் எடு, இல்லாவிட்டால் போ என்பது கடைக்காரன் செய்தால் மோசடி என்போம்.

இதே அயர்லாந்தில் 1972 மே 10-ந் தேதி ஐரோப்பிய சமூகத்தில் சேருவதா வேண்டாமா என்று கேட்டபோது நூற்றுக்கு 83 பேர் "சேருவோம்" என்றார்கள். அதற்குள்ளும் ஆயிரம் விவரங்கள் உண்டுதான். ஆனாலும் உள்ளே போவதா வெளியே நிற்பதா என்பது குடும்பத்தில் எல்லோரும் சாப்பாட்டு வேளையில் பேசித் தீர்மானிக்கக்கூடிய ஒரே கேள்வி.

லிஸ்பன் உடன்படிக்கையை 2009 அக்டோபர் 2-ந் தேதி மறுபடியும் ஓட்டுக்கு விட்டார்கள். இடையில் பாங்கிகள் ஆட்டங்கண்டு தேசமே கதிகலங்கியிருந்தது. இந்தத் தடவை நூற்றுக்கு 67 பேர் "சரி" என்றார்கள். உடன்படிக்கையில் ஓர் எழுத்துக்கூட மாறவில்லை. ஆனால் ஒவ்வொரு தேசத்துக்கும் ஒரு கமிஷனர் உண்டென்றும், வரியிலும் நடுநிலைமையிலும் கைவைப்பதில்லையென்றும் தனியே வாக்குறுதிகள் கிடைத்தன. ஆகவே முதல் மறுப்பு வீணாய்ப் போகவில்லை. அதை மூடர்களின் ஓட்டு என்றவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். ஆயினும் முதல் தடவையே "சரி" என்றிருந்தால், இன்னொரு முறை யோசித்துச் சொல்லுங்கள் என்று எவராவது கேட்டிருப்பார்களா?

நாம் விரும்புவதெல்லாம், பேரம் துவங்குமுன்பே எதை விட்டுக்கொடுக்கலாம் எதைக் கூடாது என்பதை ஜனங்களின் பாஷையில் வெளியிட்டு அபிப்பிராயம் கேட்க வேண்டும். பேரம் முடிந்தபின் சட்டசபைக்காரர்கள் பேர் பேராக ஓட்டுக் கொடுத்து அந்தப் பழியையோ புகழையோ தாங்களே சுமக்க வேண்டும் என்பதுதான். மேலே ஒன்றும் தெரிவிக்காமல் எல்லாவற்றையும் முடித்துவிட்டு, கடைசி நாளில் மூட்டையைத் தலையில் வைப்பது ஜனநாயகமாகாது.

ஹாலந்தில் நடந்ததையும் சொல்லிவிடுவோம். 2016 ஏப்ரலில் உக்ரேனோடு செய்த 486 ஷரத்துகளுள்ள உடன்படிக்கையின் பேரில் அபிப்பிராயம் கேட்டார்கள். நூற்றுக்கு 30 பேர் வராவிட்டால் ஓட்டு செல்லாதென்பது விதியாதலால், ஆதரவாளரிலேயே சிலர் வேண்டுமென்று வீட்டிலிருந்துவிட்டார்கள். நூற்றுக்கு 32 பேர் வந்து, அதில் 61 பங்கு "வேண்டாம்" என்றார்கள். மற்ற தேசங்களின் தலைவர்களிடம் ஒரு விளக்கத்தை வாங்கி வைத்துக்கொண்டு, 2017-ல் சட்டசபை அதையே ஏற்றுக்கொண்டது. 2018-ல் இப்படி ஜனங்களின் அபிப்பிராயம் கேட்கும் சட்டத்தையே ரத்து செய்தார்கள். அந்த ரத்தின் பேரில் ஜனங்கள் ஓட்டுக் கேட்க முடியாதபடி அதிலேயே ஒரு ஷரத்தும் வைத்தார்கள்.