கடலை அளந்த தச்சனும் கற்றறிந்த கயமையும்

‘தமிழ் பாட்டுக்கு ஆகும், அறிவியலுக்கு ஆகாது’ என்று இன்றும் சிலர் கூசாமல் கூறித் திரிகின்றனர். தமிழ் பயின்று, தமிழால் ஊதியம் பெற்று, அத் தமிழின் முதுகிலேயே குத்தும் இக் கூட்டத்தாருக்கு நாம் தமிழ் வரலாற்றைக் காட்ட வேண்டுவதில்லை. அவர்கள் தலைமேல் வைத்துக் கூத்தாடும் ஆங்கிலத்தின் வரலாற்றையே காட்டுவோம்.

நடுக்கடலில் நிற்கும் கப்பல், தான் வடக்கு தெற்கில் எங்குளது என்பதைக் கதிரவன் உயரத்தாலும் வடமீன் உயரத்தாலும் அறியலாம். ஆனால், கிழக்கு மேற்கில் எங்குளது என்பதை, அஃதாவது நெட்டாங்கினை, அங்ஙனம் அறிதற்கியலாது. நிலவுருண்டை ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கின்றது. 4 மணித்துளிக்கு ஒரு பாகை. கப்பல் நிற்கும் இடத்து நண்பகலில் புறப்பட்ட துறைமுகத்தில் என்ன நேரம் என்று தெரிந்தால், இரண்டின் வேறுபாடே நெட்டாங்கு. ஆனால், ஆடும் கப்பலிலும், வெப்பத்திலும் குளிரிலும், உப்பங்காற்றிலும் துறைமுக நேரத்தைப் பிழையாது காக்கும் கடிகை அன்றில்லை. நடுக்கோட்டில் ஒரு பாகை பிழைத்தால் 60 கடற்கல் பிழைக்கும்!

1707-ஆம் ஆண்டு அக்குத்தோபரில், தாம் நிற்குமிடம் அறியாத ஆங்கிலக் கடற்படையின் நான்கு கப்பல்கள் சில்லித் தீவுப் பாறைகளில் மோதி மூழ்கின. படைத்தலைவர் சோவெல் உட்பட ஆயிரத்தின் மேற்பட்டோர் மாண்டனர். 1714-இல் ஆங்கில நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: நெட்டாங்கினை அரைப் பாகைக்குள் காட்டுவார்க்கு 20,000 பவுன் பரிசு. அதற்குக் கடிகை ஒன்றைக் கொண்டுவருவார், ஆறு கிழமைப் பயணத்தில் நாளொன்றுக்கு மூன்று நொடிக்குமேல் பிழைபடாத கடிகையைக் கொணர வேண்டும். அத்தகைய கடிகை இன்னும் செய்யப்படவில்லை என்று அந் நாடாளுமன்றக் குழுமுன் உரைத்தவர் எவர்? நியூட்டனே!

செய்து காட்டியவன் எவன்? பல்கலைக்கழகப் பேராசிரியனா? பெருங்குடிப் பிறந்தானா? அல்லன்! யார்க்குசயரில் 1693-இல் பிறந்த தச்சன் மகன், தானும் தச்சனான சான் ஆரிசன். இருபது அகவை நிரம்புமுன்னரே மரத்தால் கடிகை செய்தவன். எண்ணெய் வேண்டாத மரத்தைத் தேர்ந்தான். பித்தளையும் எஃகும் வெப்பத்தால் வேறுவேறளவு நீளுதலை ஒன்றால் ஒன்றை ஈடுசெய்தான். 1735-இல் முதற் கடற்கடிகை. 1759-இல் உள்ளங்கையில் ஏந்தத்தக்க நான்காம் கடிகை. 1761-இல் அவன் மகன் வில்லியம் அதனைச் சமைக்காத் தீவுக்குக் கொண்டுசென்றான். 81 நாளில் பிழை ஏறத்தாழ 5 நொடியே!

பரிசு கொடுத்தனரா? இல்லை. ‘தற்செயல்’ என்றனர். மீண்டும் 1764-இல் பார்படோசுக்கு ஏகச் செய்தனர். அப்போதும் வென்றது. பின்னும் கொடுத்தாரல்லர். நிலவுக்கும் விண்மீனுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளந்து நெட்டாங்கு காணும் முறையைத் தாமே முன்னின்று பரப்பிய மாசுகெலின் என்னும் வானியலார், 1765-இல் அரச வானியலாராகி, அப் பரிசினை வழங்கும் வாரியத்திலேயே அமர்ந்தார். போட்டியாளரே நடுவர்! கடிகைகளையெல்லாம் ஒப்புவித்து, அவற்றின் உள்ளமைப்பை வெளிப்படுத்திய பின்னரே பாதிப் பரிசு. இறுதியில் மூன்றாம் சார்ச்சு மன்னரே இடைப்பட்டு, ஐந்தாம் கடிகையைத் தாமே ஆய்ந்து துணைநின்றார். 1773-இல் நாடாளுமன்றம் 8,750 பவுன் வழங்கியபோது அத் தச்சனுக்கு அகவை எண்பது! ஆயினும் அச் சட்டத்தின் பரிசு எவர்க்கும் முறைப்படி வழங்கப்படவேயில்லை. 1776-இல் அவன் மறைந்தான். அவன் கடிகையின் படியொன்றைக் கொண்டே 1772 முதல் 1775 வரை குக் தம் இரண்டாம் பெருங்கடற் பயணத்தை நடத்தினார்.

மாசுகெலினின் நிலவுமுறையும் பொய்யன்று. கடிகையின் விலை பெரிதாயிருந்தமையின் நெடுங்காலம் அதுவே மாலுமியர்க்குப் பயன்பட்டது. நாம் பழிப்பது அம் முறையையன்று. கைத்தொழிலாளன் அறிவை அறிவென ஒப்பாத கற்றோர் செருக்கையே!

இனி, தமிழ்ப் பகைவர் செவிசாய்த்துக் கேட்கவேண்டிய செய்திக்கு வருவோம். பள்ளிப் படிப்பு மிகுதியும் இல்லாத அத் தச்சனுக்கு இயக்கவியல் எங்ஙனம் கிட்டியது? கேம்பிரிட்சின் கண்ணற்ற கணக்கியற் பேராசிரியர் சாண்டர்சனின் சொற்பொழிவுப் படியொன்று அவன் கைக்கு வந்தது. எழுத்தெழுத்தாகத் தன் கையால் படியெடுத்துப் பயின்றான். அச் சொற்பொழிவு எம்மொழியில் இருந்தது? அவன் தாய்மொழியாகிய ஆங்கிலத்தில்! இலத்தீனில் இருந்திருப்பின் அத் தச்சனுக்கு அது கற்பாறை. கடலும் அளக்கப்படாது கிடந்திருக்கும்!

நியூட்டன் 1687-இல் தம் பெருநூலை இலத்தீனில் எழுதினார். 1704-இல் ஒளியியல் நூலை ஆங்கிலத்தில் எழுதினார். ஒரு தலைமுறைக்குள் நிகழ்ந்த மாற்றம் இது. கற்றோர்மொழி இலத்தீனே என்றிருந்த நாட்டில், ஆங்கிலம் அறிவியல்மொழியாயது வானத்தினின்று விழுந்தன்று. ஆங்கிலர் அதில் எழுதினர், ஆகவே ஆயிற்று. அவர்க்கு முடிந்தது தமிழர்க்கு முடியாதா? முடியாதென்பான் தமிழைப் பழிக்கவில்லை. தன் சோம்பலைப் பறையறைகின்றான்!

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வகம் நிறுவிய ஆங்கில வாணிகக் குழுவார், அங்கு நாட்டிய கருங்கற்றூணில் தமிழையும் பொறித்தனர். அயலான் கல்லில் பொறித்த தமிழை நம்மவர் நூலில் பொறிக்க நாணுகின்றனர்! நம் பாடநூல்கள் இன்றும் ‘தீர்க்கக்கோடு, அட்சக்கோடு’ என்றே பிள்ளைகளுக்குப் புகட்டுகின்றன. தீர்க்கம் யாது, அட்சம் யாது என்று எப்பிள்ளைக்கு விளங்கும்? நெடுங்கோடு, அகலக்கோடு என்பின் சொல்லே பொருளைக் காட்டுமன்றோ? ஈழத்துத் தமிழர் அங்ஙனமே வழங்குகின்றனர். அவர்க்கு நாணமில்லை, நமக்கேன்?

இது வெறுஞ் சொல்வழக்கன்று; உயிர் வழக்கு. 1974, 1976-ஆம் ஆண்டுகளின் உடன்படிக்கைகள் நம் கடலைப் பாகையாலும் மணித்துளியாலும் கூறிட்டன. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் எனக் காற்றுக்கெல்லாம் தமிழ்ப் பெயரிட்ட மீனவன், இன்று அவ் வெண்களால் சிறைப்படுகின்றான், படகிழக்கின்றான், உயிரும் இழக்கின்றான். அவனை வளைக்கும் கோட்டின் பெயரையாவது அவன் மொழியில் கூறவேண்டாமா? அக் கோட்டைக் காட்டும் கருவியும், அதன் விளக்கநூலும், கடலளவைக் கல்வியும் அவன் தாய்மொழியில் அமையவேண்டாமா?

தமிழாசிரியர்களே! பாடநூல் எழுதுவோரே! நெடுங்கோட்டை நெடுங்கோடென்றே எழுதுங்கள். அறிவியல் கற்ற இளைஞர்களே! கற்றதைத் தமிழில் எழுதிக் கைத்தொழிலாளர் கையில் கொடுங்கள். எந்தக் குப்பத்தில், எந்தப் பட்டறையில், எந்த ஆரிசன் படியெடுக்க ஒரு தமிழ்நூலின்றிக் காத்திருக்கின்றானோ! அவனுக்கு நூலை மறுப்பவன் தமிழுக்கு மட்டுமன்று, அறிவுக்கே பகைவன்!