ஒன்பதாம் இடம்

பல்லாவரம் முதல் வண்டலூர் வரை, பிள்ளைகளின் படிப்பை முன்னிட்டுச் சொந்த ஊர் துறந்து குடியேறிய குடும்பங்கள் நம்மவரில் ஏராளம். அவர்களில் பலரிடம் ‘வெற்றி’ எனும் சொல்லுக்கு இன்று இரண்டே பொருள்: கல்லூரியில் ஓர் இடம், பிறகு வளைகுடாவுக்கு ஒரு விசா. நீட் தேர்வில் தவறிய பதினேழு வயதுப் பிள்ளை, வீட்டிற்கு வரும் விருந்தினர் முகத்தில் விழிக்கவே கூசுகிறது. அக்கூச்சத்தைக் கற்பித்தவர்கள் அயலார் அல்லர், பெற்றோரே.

அதே வீட்டுக் கூடத்தில் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம் அவர்களின் படம் தொங்குகிறது!

அந்தப் படத்திலிருப்பவரின் வரலாற்றை அவர்கள் முழுதாய்ப் படித்ததுண்டா? இன்று தாம்பரம் மாநகராட்சிக்குள் அடங்கிய குரோம்பேட்டையில், 1950களில், எம்.ஐ.டி. கல்லூரியில் விமானப் பொறியியல் பயின்றவர் அவர். கட்டணத்திற்கு வழியில்லாதபோது தம் பொன் வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்தவர் அவருடைய ராத்தா ஜொஹரா. கல்லூரியில் காட்சிக்கு நின்ற இரு பழைய விமானங்களைப் பார்த்துப் பார்த்து, விமானம் ஓட்டுவதே வெற்றி என அம்மாணவர் எண்ணினார். டேராடூனில் விமானப்படைத் தேர்வுக்குச் சென்றோர் 25 பேர், இடங்கள் எட்டு. அவர் பெற்றதோ ஒன்பதாம் இடம்.

அன்றிரவு அவர் இவர்கள் வீட்டுப் பிள்ளையாய்த் திரும்பியிருந்தால் என்ன பட்டம் சூட்டியிருப்பார்கள்?

பின்னர் ராக்கெட்டே அவருடைய இலட்சியமாயிற்று. 1979 ஆகஸ்ட் 10இல் எஸ்.எல்.வி.-3 கடலில் வீழ்ந்தது. 1980 ஜூலை 18இல் ரோகிணியை விண்ணில் நிறுத்தியது. அதோடும் அவர் அளவுகோல் நின்றுவிடவில்லை. ஏவுகணைக்கென உருவான இலேசான பொருளைக் கொண்டு, ஐதராபாத் மருத்துவமனையில், போலியோ பாதித்த குழந்தைகளுக்குக் காலணைகள் செய்யப்பட்டன. மூன்று கிலோ சுமந்த கால்கள் 300 கிராமோடு நடந்தன. தம் பேரானந்தங்களுள் ஒன்றாய் அவர் மேடைதோறும் சொல்லிவந்தது இதனை. 2006இல், 74ஆம் வயதில், சுகோய் விமானத்தில் பறந்தார். இளமையின் ஆசை முதுமையில் ஒரு மகிழ்ச்சியாக மட்டும் வந்து சேர்ந்தது.

“குடியரசுத் தலைவரானாரே, அதனாலன்றோ போற்றுகிறோம்!” என்பர். அப்பதவி வந்தது 2002இல். ஒன்பதாம் இடத்தோடு நின்ற இளைஞருக்கு அது தெரியுமா? “வயிற்றுப்பாடு தீரவேண்டாமா?” என்றும் கேட்பர். தீரவேண்டும், ஹலாலான சம்பாத்தியம் கடமை என்பதை நாம் மறுக்கவில்லை. பதினேழு வயதின் அளவுகோலை ஆயுள் முழுமைக்கும் பூட்டுவதையே மறுக்கிறோம்.

நாள்தோறும் பாங்கில் நம்மை அழைக்கும் ‘ஃபலாஹ்’ எனும் சொல்லின் வேர், நிலத்தைப் பிளந்து உழுதலைக் குறிப்பது. அரபியில் உழவனுக்கு ‘ஃபல்லாஹ்’ என்று பெயர். விதைத்த மறுநாளே களத்துமேட்டில் நெல்லைத் தேடும் உழவன் எங்கேனும் உண்டா? (மதிப்பெண் பட்டியலை மட்டும் வந்த அன்றே தெருவெங்கும் காட்டுகிறோம்!)

முதல் மதிப்பெண் பெற்றோருக்கு ஆண்டுதோறும் பரிசளிக்கும் ஜமாஅத்தாரிடம் நமக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. இவ்வாண்டு அழைப்பிதழ் அச்சாகுமுன், நகையை அடகு வைத்துத் தம்பியைப் படிக்கவைத்த ராத்தாமார் தத்தம் மஹல்லாவில் எத்தனை பேர் என்று விசாரித்து, அவர்களுக்கும் முன்வரிசையில் நாற்காலி போடட்டும்.