சி.டி. பிளேயர் வாங்கப் போறீங்களா? முதல்ல மெக்கானிக்கைப் பாருங்க

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

வீட்டில் பாட்டுக் கேட்க ஒரு நல்ல சி.டி. பிளேயர் வேண்டும் என்று கிளம்பும் எங்களைப் போன்ற ஓய்வுபெற்றவர்களை இப்போது இரண்டு பக்கமும் அடிக்கிறார்கள். வீட்டில் பிள்ளைகள், "இந்தக் காலத்துல யாருங்கப்பா சி.டி. கேக்கறாங்க, எல்லாம் போன்லயே இருக்குது" என்கிறார்கள். கடையில் விற்பனையாளர், "சார், சவுண்டு வேணும்னா நாப்பதாயிரத்துக்குக் கீழ எதையும் தொடாதீங்க" என்கிறார். முன்னது அறியாமை. பின்னது வியாபாரம். இரண்டையும் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

என்னோடு வேலை பார்த்த தலைமையாசிரியர் ஒருவர், பணிக்கொடைப் பணம் வந்த கையோடு ஒரு பெரிய ஷோரூமுக்குப் போனார். கடையின் பெயர் வேண்டாம். 48,000 ரூபாய்க்கு ஒரு பிளேயர், அதை ஆம்ப்ளிஃபையரில் இணைக்க 6,000 ரூபாய்க்கு ஒரு ஒயர். ஆமாம், ஒயர்தான். இரண்டு வருஷம் பாடியது. பிறகு ஒருநாள் டிரே வெளியே வரவில்லை. அதே கடைக்குத் தூக்கிக்கொண்டு போனார். "அந்த மாடல் நின்னு போச்சுங்க சார், பார்ட்ஸ் வராது, புதுசு பாத்துக்கலாம்" என்றார்கள். ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றிப் பார்க்கவில்லை. எங்கள் தெருவில் டி.வி. ரிப்பேர் செய்யும் தம்பி கால் மணி நேரத்தில் திறந்து காட்டினார். டிரேயை இழுக்கும் ரப்பர் பெல்ட் தளர்ந்து போயிருந்தது. முப்பது ரூபாய் பெல்ட்!

54,000 ரூபாயைக் குப்பையில் போடச் சொன்னவர்கள்தான் ஊருக்கெல்லாம் எது நல்ல பிளேயர் என்று பாடம் நடத்துகிறார்கள்.

பாடம் நடத்துவது என் தொழில். அதனால் நானும் கொஞ்சம் நடத்துகிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். 1982-இல் சோனியும் பிலிப்ஸும் சேர்ந்து கொண்டுவந்த இந்தத் தட்டில் இருப்பதெல்லாம் எண்கள். ஒலியை வினாடிக்கு 44,100 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 16 பிட் எண்ணாக எழுதி வைத்திருக்கிறார்கள். இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று. தட்டின் உள்பக்கம் தொடங்கி வெளிப்பக்கம் முடியும் ஒரே சுருள் கோடு அது. பிரித்து நீட்டினால் 5 கிலோமீட்டருக்கு மேல் வரும். காந்திபுரத்தில் பிடித்தால் பீளமேடு பக்கம் கொண்டுபோய் விடும். இந்தக் கோட்டில் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்கு எண்கள் அழிந்து போனாலும், மிச்சத்தை வைத்துக் கணக்குப் போட்டு, விட்டுப்போனதை அப்படியே மீட்டுவிடும் ஏற்பாடு ஒவ்வொரு பிளேயரிலும் உண்டு. மூவாயிரம் ரூபாய்ப் பெட்டியிலும் அந்தக் கணக்குதான், மூன்று லட்சம் ரூபாய்ப் பெட்டியிலும் அந்தக் கணக்குதான். எண்ணை மறுபடி ஒலியாக மாற்றும் சிப் ஒரு காலத்தில் விலை கூடிய சங்கதி. இன்றைக்கு அது மலிந்து கிடக்கிறது.

விலை கூடிய பெட்டியில் ஒன்றுமே இல்லை என்று சொல்ல மாட்டேன். டிரே சத்தமில்லாமல் வரும். பெட்டி கனமாக இருக்கும். எண்கள் பளிச்சென்று தெரியும். வசதி உள்ளவர்கள் தாராளமாக வாங்கட்டும். ஆனால் பென்ஷன்காரரிடம் "சவுண்டு" என்று சொல்லி விற்பதைத்தான் நான் எதிர்க்கிறேன்.

நம்பாதவர்கள் சோதித்துப் பார்க்கலாம். பெல்ட் மாற்றிய பிறகு நாங்கள் செய்தோம். தலைமையாசிரியரின் பெட்டி ஒன்று, என் வீட்டுப் பழைய டி.வி.டி. பிளேயர் ஒன்று. ரோஜா படத்தின் சி.டி. என்னிடம் ஒன்றும் என் மைத்துனரிடம் ஒன்றும் இருந்தது. ஆம்ப்ளிஃபையர், ஸ்பீக்கர் இரண்டுக்கும் பொது. ரிப்பேர் தம்பி மல்டிமீட்டரை வைத்து இரண்டின் சத்தத்தையும் சமப்படுத்தினார். இது முக்கியம், சத்தம் துளி கூடினாலும் நம் காது அதைத்தான் "தெளிவு" என்று சொல்லும். கடையில் ஒப்பிட்டுக் காட்டும்போது இதை யாரும் செய்வதில்லை. மேலே துண்டைப் போட்டு மூடி, மாற்றி மாற்றிப் பன்னிரண்டு தடவை போட்டேன். ஆறு பேர் கேட்டார்கள். எது எது என்று யாராலும் தொடர்ந்து சரியாகச் சொல்ல முடியவில்லை. 6,000 ரூபாய் ஒயர் என் பெட்டியிலிருந்தபோது ஒருவர், "இதான் ஒசந்தது" என்றார்.

அப்படியானால் எதைப் பார்த்து வாங்குவது? கெட்டுப்போனால் நம் ஊரில் யார் சரி செய்வார், பாகம் கிடைக்குமா என்று பார்த்து வாங்க வேண்டும். நம்மவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருப்பதுதான் வேடிக்கை. கிணற்று மோட்டார் எரிந்தால் புது மோட்டாரா வாங்குகிறோம்? காயில் கட்டுகிறோம். கிரைண்டர் கல் தேய்ந்தால் கொத்திக்கொள்கிறோம். சோமனூர்ப் பக்கம் தறி பாகம் உடைந்தால் லேத்துப் பட்டறையில் கடைந்து வாங்கிப் போட்டு ஓட்டுகிறார்கள். ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-இல் ஜி.டி. நாயுடு அறிவித்தது இதே கோயம்புத்தூரில்தான். யு.எம்.எஸ். ரேடியோ கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த ஊர்க்காரர் ஒரு ரப்பர் பெல்ட்டுக்காக ஷோரூமில் கைகட்டி நிற்கலாமா? 2022 டிசம்பரில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு இணையதளமே தொடங்கியது. அதன் பெயரைச் சொன்னால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்.

என்ன வாங்கலாம் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில்: முதலில் உங்கள் பரணைப் பாருங்கள். அரசு இலவச கலர் டி.வி. கொடுத்த காலத்தில் எங்கள் பக்கம் வீட்டுக்கு வீடு டி.வி.டி. பிளேயர் வந்தது. அது சி.டி.யையும் படிக்கும். பின்னால் சிவப்பு, வெள்ளை ஓட்டைகள் இருக்கும். சாதாரண ஒயரை வாங்கி ஆம்ப்ளிஃபையரின் ஆக்ஸ் ஓட்டையில் செருகினால் வேலை முடிந்தது. ஒரு குறை உண்டு. முன்பக்கம் எண் காட்டாத பெட்டி என்றால் எத்தனையாவது பாட்டு என்று பார்க்க டி.வி.யைப் போட வேண்டியிருக்கும். ஆகவே எண் காட்டும் பெட்டியாகப் பாருங்கள்.

பரணில் இல்லையென்றால், பழைய சாமானில் நல்ல கம்பெனியின் ஒற்றைத் தட்டு பிளேயராகத் தேடுங்கள். மூன்று தட்டு, ஐந்து தட்டு சுற்றும் செட்டுகளின் பக்கமே போகாதீர்கள்; பல்சக்கரம் கூடக் கூட வம்பு கூடும். மெக்கானிக்கைக் கூட்டிப் போய், உள்ளே லேசர் பிக்-அப் என்ன நம்பர் என்று பார்க்கச் சொல்லுங்கள். சோனியின் கே.எஸ்.எஸ். 213 போன்றவை பல கம்பெனிப் பெட்டிகளில் பொதுவாக இருந்தவை, மாற்று சில நூறு ரூபாயில் கிடைக்கிறது. யாருக்கும் தெரியாத நம்பர் என்றால் எவ்வளவு அழகான பெட்டியானாலும் வேண்டாம். பின்பக்கம் வோல்டேஜைப் படியுங்கள். ஜப்பானிலிருந்து நேராக வந்த பெட்டிகளில் 100 வோல்ட் என்று போட்டிருக்கும். நம் வீட்டு பிளக்கில் சொருகினால் புகைதான். 100 முதல் 240 வரை என்று இருந்தால் நிம்மதி. நம் பக்கத்து வோல்டேஜ் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும்.

சோதிக்கக் கடைக்காரரின் தட்டை நம்பக் கூடாது. உங்களிடம் உள்ளதிலேயே கீறல் விழுந்த ஒன்று, வீட்டில் பதிவு செய்த ஒன்று, எம்.பி.3 பாட்டு இருந்தால் அதில் ஒன்று, மூன்றையும் பையில் போட்டுக்கொண்டு போங்கள். போட்டவுடன் கடைசிப் பாட்டுக்குத் தாவச் சொல்லுங்கள். கடைசிப் பாட்டு தட்டின் வெளி ஓரத்தில் இருக்கும். லேசரை நகர்த்தும் பகுதி பழுதாகியிருந்தால் அங்கேதான் திணறும். டிரேயைப் பத்துத் தடவை திறந்து மூடுங்கள். அரை மணி நேரம் ஓட விட்டு, சூடான பிறகும் அதேபோல் படிக்கிறதா என்று கேளுங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

மில்லுக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. பஞ்சுத் தூசி லென்ஸில் படிந்தாலே தட்டைப் படிக்காது. லேசர் போய்விட்டது என்று சொல்லிக் காசு கேட்பார்கள். முதலில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பஞ்சுக் குச்சியைத் தொட்டு, செட்டை அணைத்துவிட்டு, மெதுவாக லென்ஸைத் துடைக்கச் சொல்லுங்கள். பாதிக்குப் பாதி அதிலேயே சரியாகிவிடும் என்பது எங்கள் ரிப்பேர் தம்பியின் கணக்கு.

மிச்சமாகும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள். வித்தியாசம் காதில் விழுவது அங்கேதான்.

இனி "எல்லாம் போன்லயே இருக்குது" என்கிற பிள்ளைகளுக்கு. ரெஸ்ஸோ 2024 ஜனவரியோடு இந்தியாவில் மூடப்பட்டது. அதே வருஷம் விங்க் மியூசிக்கை மூடப்போவதாக ஏர்டெல் அறிவித்தது. கானா 2022-லேயே இலவசத்தை நிறுத்திச் சந்தா கட்டினால்தான் பாட்டு என்றது. அவர்கள் கடை, அவர்கள் இஷ்டம். ஆனால் அங்கே நாம் சேர்த்து வைத்ததெல்லாம் வாடகைச் சாமான். என் அலமாரியில் இருக்கும் நூற்றுச்சொச்சம் தட்டுகளில் சில கச்சேரிகள் எந்தச் செயலியில் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. அவற்றைப் படிக்க ஒரு பெட்டி ஓடினால் போதும், யாரிடமும் சந்தா கட்ட வேண்டாம். கண் ஆபரேஷன் முடிந்து போன் திரையைப் பார்க்கக் கூடாது என்று டாக்டர் சொன்ன ஒரு மாதமும், என் வீட்டுக்காரம்மா தடவிப் பார்த்தே பொத்தானை அமுக்கி எம்.எஸ். கேட்டார்.

இப்போது தட்டுப்பாடு பிளேயருக்கு இல்லை, திறந்து பார்க்கிற மெக்கானிக்குக்குத்தான். உங்கள் பகுதியில் சி.டி., டி.வி.டி. செட் இன்னும் பழுது பார்க்கிறவர் இருந்தால், அவர் சம்மதத்தைக் கேட்டுக்கொண்டு ஊரையும் கடையையும் கீழே எழுதுங்கள். பல்லடம், அவிநாசி, பொள்ளாச்சிப் பக்கம் மூன்று பேர் என்னிடம் கேட்டு வைத்திருக்கிறார்கள்.