புதையல் வேட்டையும் ஃபோர்க்லிஃப்ட் அண்ணனும்

ஒரகடத்துல எங்க ஆலையில போன வாரம் டீம் பில்டிங்னு புதையல் வேட்டை, மக்களே. நாடகத் தீமாம்! அட்டைக் கிரீடம் மட்டும்தான் நாடகம். துப்பெல்லாம் கூகுள்ல கிடைக்கிற மொக்கை, ஒண்ணைத் தவிர.

எம்ஐடியில 1981லேர்ந்து ஜனவரியில நடக்குற மிஸ்டரி ஹண்ட்ல, 2012க்கு 'தி புரொட்யூசர்ஸ்' மியூசிகல்தான் கரு. புதிரை எப்படிப் போடணும்னே சொல்ல மாட்டாங்க. கிடைச்ச விடைகளைச் சேர்த்தா இன்னொரு பெரிய புதிர். கடைசில ஒளிச்சு வச்ச நாணயத்தைக் கண்டுபிடிக்கணும். ஜெயிச்ச டீம்தான் அடுத்த வருஷ வேட்டையை எழுதணும் (ஆணி புடுங்கினவனுக்கு இன்னும் பெரிய ஆணி!).

இங்க கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு அனுமதி இல்லை. ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நின்னுக்கிட்டே வேடிக்கை பார்த்தாங்க. அந்த ஒரு துப்புல இருந்த எண், ஸ்டோர் ரேக் நம்பர்னு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற அண்ணன்தான் சொன்னாரு. சான்றிதழ் எனக்கு. என்னைக் கேட்டா, அடுத்த வேட்டையை அவரைத்தான் எழுதச் சொல்லணும்.