தங்கத் துகளின் இடவலம் அறியும் செல்கள்: கோலார் தூசுக்கு அது உணர்த்துவது என்ன?

கோலார் தங்கவயல் (கர்நாடகா): ஒரு நுண்துகள் எப்பொருளால் ஆனது என்பதை மட்டுமன்றி, அதன் வடிவமைப்பையும் உயிருள்ள செல்கள் பிரித்தறிகின்றன. தங்க நானோ துகள்கள் வழியே தெளிவான இந்த உண்மை, தங்கச் சுரங்கக் கழிவுக் குன்றுகளின் அருகே வாழும் மக்களுக்கும் பொருந்தக்கூடியது.

இடவகையும் வலவகையும்

இடக்கையும் வலக்கையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போன்றவை. எனினும் இடக்கைக்குரிய கையுறை வலக்கைக்குப் பொருந்தாது. இப்பண்பை வேதியியலில் 'கைரல் தன்மை' என்பர். நம் உடலின் புரதங்கள் இடவகை அமினோ அமிலங்களால் ஆனவை. ஆதலால், செல்களின் மேற்பரப்பிலுள்ள புரத ஏற்பிகளும் இடவல வேறுபாட்டை உணரக்கூடியவை.

சீனாவின் ஜியாங்னான் பல்கலைக்கழகம், அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் உள்ளிட்டவற்றின் விஞ்ஞானிகள், 2022 ஜனவரியில் 'நேச்சர்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வட்டமாகச் சுழலும் ஒளியைக் கொண்டு அவர்கள் இருவகைத் தங்கத் துகள்களை உருவாக்கினர். எலிகளில் சோதித்தபோது, இடவகைத் துகள்களே நோய் எதிர்ப்பு செல்களை மிகுதியாகத் தூண்டின. செல்லுக்குள் அழற்சியைத் தொடங்கிவைக்கும் 'இன்ஃப்ளமசோம்' என்ற புரதத் தொகுதியும் அப்போது உருவானது. தடுப்பூசிகளின் திறனைக் கூட்ட இது உதவலாம் எனக் கருதப்படுகிறது.

கோலாருக்கு என்ன தொடர்பு?

ஆய்வகத்தில் உருவான அத்துகள்கள் கோலார் மண்ணில் இல்லை. ஆனால், அதே இன்ஃப்ளமசோமைத் தூண்டும் படிகச் சிலிகா இங்குண்டு. கோலாரின் தங்கம் குவார்ட்ஸ் பாறையில் பொதிந்திருந்தது. அதை அரைத்தபோது எழுந்த தூசில் சிலிகா கலந்திருந்தது. 1940-களில் பரிசோதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளர்களில் 40 விழுக்காட்டினருக்கும் மேல் சிலிகோசிஸ் நுரையீரல் நோய் கண்டறியப்பட்டது. இங்கும் வடிவமைப்பே முதன்மையானது: அணுக்கள் ஒழுங்கற்று அமைந்த சிலிகாவை விடப் படிகச் சிலிகாவே நுரையீரலுக்குப் பெருங்கேடு விளைவிக்கிறது.

சுரங்கம் 2001 பிப்ரவரி 28-ல் மூடப்பட்டது. 'சயனைடு குன்றுகள்' என அறியப்படும் 13 கழிவு மேடுகளில் சுமார் 3.3 கோடி டன் கழிவு எஞ்சியுள்ளது. அதிலிருந்து மீண்டும் தங்கம் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது.

கவனிக்க வேண்டியது

கழிவில் எஞ்சிய தங்கத்தின் அளவு திட்டத்தின் வருவாயைத் தீர்மானிக்கும்; சயனைடின் அளவு நீருக்கும் நிலத்துக்கும் உள்ள ஆபத்தைக் காட்டும். மூச்சுக்காற்றின் பாதுகாப்பை இவ்விரண்டும் உணர்த்தா. நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகள்கள் காற்றில் எவ்வளவு உள்ளன, அவற்றில் படிகச் சிலிகா எத்தனை விழுக்காடு என்பதைப் பணி தொடங்கும் முன்பும், பணியின்போதும் அளந்து, குடியிருப்பு மக்களுக்கு அறிவிப்பது இன்றியமையாதது.