நிழல் வேறு, குளிர்ச்சி வேறு

"நிழலில் வளரும்" என்ற இரண்டு சொற்களை நம்பிப் பென்ஷன் காசைத் தொலைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சாக்ஸிஃப்ராகா என்று ஒரு செடி. வட்ட இலை, வெள்ளி நரம்பு, தரையோடு ஓடும் சிவந்த கொடி. அழகுதான், மறுக்கவில்லை. ஓமந்தூர் நண்பர் ஒருவர் பங்குனியில் தொட்டி 350 ரூபாய் என்று இரண்டு வாங்கினார். "மாமரத்தடியில வையுங்க சார், வெயிலே வேணாம்" என்றாராம் விற்றவர். சித்திரை முடிவதற்குள் இரண்டும் அழுகிப்போயின. தண்ணீர் அதிகமாகிவிட்டதோ என்று நண்பர் தன்னையே நொந்துகொள்கிறார். அவர்மேல் என்ன தப்பு?

வானிலை அறிக்கையில் 40 டிகிரி என்று சொல்கிறார்களே, அது வெயிலில் அளந்தது அல்ல. காற்றோட்டமுள்ள வெள்ளைப் பெட்டிக்குள், நிழலில் வைத்து அளந்தது. ஆக, கத்திரியில் நம் மாமரத்து நிழலே 40 டிகிரி! சாக்ஸிஃப்ராகா இனங்களில் பெரும்பாலானவை பனிமலைகளிலும் குளிர்நாடுகளிலும் பிறந்தவை. 'லண்டன் பிரைடு' என்று ஒன்று அந்த ஊர்த் தோட்ட நிழலில் செழிக்கும். லண்டன் நிழலும் திண்டிவனத்து நிழலும் ஒன்றா?

அந்தப் பெயருக்கு லத்தீனில் 'கல்லை உடைப்பது' என்று பொருள். இதே குடும்பத்தைச் சேர்ந்த இமயமலைச் செடி ஒன்றின் வேர்தான் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் பாஷாணபேதம். அதற்கும் பொருள் அதேதான். வேடிக்கை என்னவென்றால், அந்தப் பாஷாணபேதத்தின் இடத்தில் தென்னாட்டு வைத்தியர்கள் வைத்தது நம் வேலியோரச் சிறுபீளையை. கற்பூரவல்லிக்கும் அந்தப் பெயர் உண்டு. (கல் இருப்பவர்கள் டாக்டரிடம் போங்கள், நான் வைத்தியம் சொல்லவில்லை.)

"அழகுக்குத்தானே வைக்கிறோம்?" என்பீர்கள். கற்பூரவல்லியின் தடித்த இலையில் அழகு இல்லையா? அகத்தி நிழலில் ஏறும் வெற்றிலைக்கு என்ன குறை? தென்னந்தோப்பில் ஊடுபயிராக மஞ்சள் வருகிறது. திப்பிலி, சேம்பு இரண்டுக்கும் நிழல் ஒத்துக்கொள்ளும். கீழ்ப்புத்துப்பட்டு ஐயனார் கோயில் காட்டுக்குப் போய்ப் பாருங்கள். காயா மரங்களின் இருட்டு நிழலில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே எத்தனை செடி கொடிகள்!

விற்பவர்களைக் கேட்கிறேன்: ஊட்டியில் பிழைப்பதை இங்கே விற்கும்போது, "இது மலைச்செடி, கோடை தாங்காது" என்று ஒரு சீட்டு எழுதித் தொங்கவிட்டால் வியாபாரம் படுத்துவிடுமா?

வாங்குபவர்களுக்கும் ஒன்று. நாலு செடி செத்ததும் "நமக்குக் கைராசி இல்லை" என்று மரத்தடியில் சிமெண்ட் பூசிவிடுகிறீர்களே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. கைராசிக்கு ஒன்றும் குறைவில்லை. பக்கத்து வீட்டில் ஒரு கற்பூரவல்லிக் கிளை கேளுங்கள். காசு கேட்க மாட்டார்கள்.